இருவர் மனமொத்து நிற்கும் இடம்

வானொலி மறையுரை – பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
வாசகங்கள்: எசேக்கியேல் 33:7-9, உரோமையர் 13:8-10, மத்தேயு 18:15-20



இன்றைய நற்செய்தியின் இறுதியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு வாக்குறுதி வருகிறது. சீடர்களில் இரண்டு பேர் மனமொத்து எதை வேண்டினாலும் விண்ணகத் தந்தை அதைத் தருவார் என்கிறார் இயேசு. தம் பெயரை முன்னிட்டு இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும், அங்கே தாமும் இருப்பதாகச் சொல்கிறார். அன்பியக் கூட்டங்களிலும் குடும்ப செபங்களிலும் நோயாளரின் கட்டிலருகிலும் இந்த வாக்குறுதியை நாம் எத்தனையோ முறை நினைவுகூர்ந்திருக்கிறோம்.

ஆனால், இதே வாக்குறுதி சிலருடைய நெஞ்சில் முள்ளாகவும் தைத்து நிற்கிறது. கணவனும் மனைவியும் ஒரே மனதோடு முழந்தாளிட்டு, தங்கள் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் நவநாள் செய்கிறார்கள். ஆலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. பிள்ளை பிழைக்கவில்லை. ‘நாங்கள் இரண்டு பேர் அல்ல, ஊரே சேர்ந்துதானே கேட்டோம், பிறகு ஏன் கிடைக்கவில்லை?’ என்று அவர்கள் கேட்கும்போது நாம் என்ன சொல்வோம்? இந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு இன்றைய நற்செய்தியைப் பேசுவது நேர்மையாக இருக்காது. ஆகவே, மனமொத்திருத்தல் என்று இயேசு எதைச் சொல்கிறார், அதற்கும் நட்புக்கும் என்ன தொடர்பு, அதன் வலிமை எதில் இருக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

சுருதி சேர்வது

‘மனமொத்து’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘சும்ஃபோனேயோ’. ‘சேர்ந்து ஒலித்தல்’ என்பது அதன் நேர்ப்பொருள். பல கருவிகள் சேர்ந்து இசைக்கும் ‘சிம்பொனி’ என்ற சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் இசை மரபில் இதைச் ‘சுருதி சேர்வது’ என்று சொல்வோம்.

இது நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. மனமொத்திருப்பது என்றால் இருவரும் ஒரே கருத்தைச் சொல்வது அல்ல. நம் பங்கின் பாடகர் குழுவில் எல்லாரும் ஒரே குரலில் பாடுவதில்லை. ஒருவர் மேலே பாடுகிறார், ஒருவர் கீழே பாடுகிறார். ஆனால், எல்லாருடைய காதும் ஒரே சுருதியைக் கேட்கிறது. இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தம் குரலை மாற்றிக்கொண்டே இருந்தால், இருவருமாகச் சேர்ந்து சுருதி தவறிப் போகவும் கூடும். இருவரும் தங்களுக்கு வெளியே இருக்கும் அந்தச் சுருதிக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும்போதுதான் குரல்கள் சேர்கின்றன. கிறிஸ்தவ வாழ்வில் அந்தச் சுருதி இயேசுவே. ‘என் பெயரால்’ என்று அவர் சேர்த்துச் சொல்வதன் பொருள் இதுதான்.

மனம் ஒத்துப்போவது மட்டுமே ஒரு நற்பண்பு ஆகிவிடாது என்பதைத் திருவிவிலியமே நமக்குக் காட்டுகிறது. பாபேலில் மக்கள் ஒரே மொழி பேசினார்கள், ஒரே திட்டத்தில் இருந்தார்கள். ஆனால், அது தங்கள் பெயரை நிலைநாட்டுவதற்கான ஒற்றுமை (தொடக்க நூல் 11). இயேசுவைத் தீர்ப்பிட்ட நாளில், அதுவரை பகைவர்களாக இருந்த ஏரோதும் பிலாத்தும் நண்பர்கள் ஆனார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (23:12). குற்றமற்ற ஒருவரைக் கைவிடுவதில் பிறந்த நட்பு அது. திருத்தூதர் பணிகள் நூலின் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் அவர் மனைவி சப்பிராவும் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைக்க உடன்படுகிறார்கள். கணவனும் மனைவியும் ஆண்டவருடைய ஆவியைச் சோதிக்க உடன்பட்டது ஏன் என்று பேதுரு கேட்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல்லும் இன்றைய நற்செய்தியில் வரும் அதே சொல்தான்! ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே மனதாக இருப்பது நல்லது. ஆனால், எதற்காக ஒரே மனதாக இருக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். வரதட்சணை வாங்குவதிலும், உடன்பிறந்தவரின் பங்கை மறைப்பதிலும் கூடக் குடும்பங்கள் ஒரே மனதாக இருப்பதுண்டு.

வாக்குறுதி நிற்கும் இடம்

இந்த வாக்குறுதியைத் தனியே எடுத்துப் படிப்பது நம் வழக்கம். மத்தேயு இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். 18ஆம் அதிகாரத்தில் முதலில் வழிதவறிய ஆட்டைத் தேடிப் போகும் ஆயரின் உவமை வருகிறது. அடுத்து, குற்றம் செய்த சகோதரரைத் திருத்துவது பற்றிய போதனை வருகிறது. அதன் பிறகே இருவர் மனமொத்து வேண்டுவது பற்றிய வாக்குறுதி. அதைக் கேட்டவுடன், எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு வினவுகிறார். இறுதியாக, தன் பெருங்கடன் மன்னிக்கப்பட்டும் உடன் பணியாளரின் சிறுகடனை மன்னிக்காத ஊழியனின் உவமை.

அப்படியானால் வாக்குறுதி எங்கே நிற்கிறது? ஒரு பக்கம் சண்டை, மறுபக்கம் மன்னிப்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிணக்கே இல்லாத இருவரைப் பற்றி இயேசு பேசவில்லை. பிணங்கிப் பிரிந்து, ஒருவர் மற்றவரைத் தேடிப் போய், பேசி, மீண்டும் ஒன்றான இருவரைப் பற்றியே பேசுகிறார். குற்றம் செய்தவர் நமக்குச் செவிசாய்த்தால் என்ன கிடைக்கும் என்கிறார் இயேசு? வழக்கில் வெற்றி கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஓர் உறவு, ஒரு சகோதரர் திரும்பக் கிடைப்பார் என்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால், பதில் கிடைக்காத செபத்தைப் பற்றிய கேள்வியையும் நாம் வேறு விதமாக அணுகலாம். இரண்டு கையெழுத்து இருந்தால் மனு ஏற்கப்படும் என்பது போன்ற ஒரு விதியை இயேசு இங்கே அறிவிக்கவில்லை. அவர் தரும் உறுதி தம் உடனிருப்பு. கெத்சமனித் தோட்டத்தில் அவரும் நண்பர்கள் மூவரைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டார்கள். துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று அவர் கேட்டது அப்படியே நிகழவில்லை. ஆனாலும், அந்த இரவில் மகனின் விருப்பம் தந்தையின் விருப்பத்தோடு முழுமையாகச் சுருதி சேர்ந்தது. அதிலிருந்தே நம் மீட்பு பிறந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இது எளிதான ஆறுதல் அல்ல. எளிதான ஆறுதலைச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால், அவர்கள் அழும் அறையில் இரண்டு மூன்று பேர் அவர் பெயரால் உட்கார்ந்திருந்தால், அங்கே கெத்சமனியின் ஆண்டவர் இருக்கிறார் என்று நம்மால் சொல்ல முடியும். அப்படி உட்கார்ந்திருப்பது நம் கடமையும்கூட.

நண்பர் என்ன செய்கிறார்

திருவிவிலியத்தில் நட்பு என்றவுடன் தாவீதும் யோனத்தானும் நம் நினைவுக்கு வருகிறார்கள். யோனத்தான் அரசரின் மகன். சவுலுக்குப் பின் அரியணை தாவீதுக்குப் போகும் என்பது தெரிந்தும், தம் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் அவரிடம் கொடுத்தார் (1 சாமுவேல் 18). பின்னர், சவுலுக்கு அஞ்சித் தாவீது பாலைநிலத்தில் ஒளிந்திருந்தபோது, யோனத்தான் அவரைத் தேடிப் போனார். படையோடு போகவில்லை, பணத்தோடும் போகவில்லை. கடவுள் மீது தாவீது கொண்டிருந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தினார் என்று 23ஆம் அதிகாரம் சொல்கிறது. நண்பர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. நமக்கு நம்பிக்கை தளரும் நேரத்தில், தம் நம்பிக்கையை நமக்குக் கொஞ்சம் கடனாகத் தருபவரே ஆன்மீக நண்பர்.

சீராக்கின் ஞான நூல், நம்பிக்கைக்குரிய நண்பரை உறுதியான அடைக்கலத்துக்கும் புதையலுக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் ஒப்பிடுகிறது (6:14-16). அதே அதிகாரம், சோதித்தறிந்த பிறகே ஒருவரை நண்பராக ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறது. நம் திருவள்ளுவரும் நட்பைப் பற்றிப் பேசிய கையோடு, நட்பை ஆராய்வதற்கும், தீய நட்பைத் தவிர்ப்பதற்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். சேர்ந்து சிரிப்பதற்காக மட்டும் நட்பு இல்லை, நண்பர் எல்லை மீறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவே என்பது அவருடைய கருத்து. எசேக்கியேலை இஸ்ரயேலின் காவலராக ஏற்படுத்திய இறைவன் கேட்டதும் இதையே. ஆபத்து வருவதைக் கண்டும் காவலர் வாய் திறக்காவிட்டால் அந்தக் குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஒருவர் தவறான வழியில் போவதைப் பார்த்தும், ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று ஒதுங்குவதற்கு மரியாதை என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். அன்பு அப்படி ஒதுங்காது.

பாரிஸ் நகரில் ஓர் அறை

மனமொத்த நட்பு என்ன செய்யும் என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான ஒரு சான்று உண்டு. அது பிரான்சு நாட்டில் தொடங்கி, நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை வரை வந்து சேர்ந்த நட்பு.

1529ஆம் ஆண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனித பார்பரா கல்லூரியில் இரு இளைஞர்கள் ஒரே அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிறந்தவர்கள். ஒருவர் சவோய் நாட்டு மலைக்கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்த பீட்டர் ஃபேபர். மற்றவர் நவார் நாட்டு உயர்குடியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். அந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் ஏறத்தாழ 38 வயதான, கால் ஊனமுற்ற, பிச்சை எடுத்துப் படித்த இஞ்ஞாசியார்.

இவர்கள் இயல்பாக நண்பர்கள் ஆகக்கூடியவர்கள் அல்ல. நவார் நாட்டைக் காஸ்தில் அரசு கைப்பற்றியபோது சவேரியாருடைய குடும்பம் நிலைகுலைந்தது. 1516இல் அவர்களுடைய கோட்டையின் அரண்கள் இடிக்கப்பட்டன. அவருடைய அண்ணன்மார் நவாரின் பக்கம் நின்று போரிட்டார்கள். இஞ்ஞாசியாரோ 1521இல் பம்பலோனாவில் காஸ்தில் அரசின் பக்கம் நின்று போரிட்டு, பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர். ஓர் அறையில் தங்க வேண்டி வந்தபோது, குடும்பப் பகையின் நினைவும் அந்த அறையில் இருந்திருக்கும்.

ஃபேபர் இஞ்ஞாசியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மனச்சாட்சியின் குழப்பங்களால் அலைக்கழிக்கப்பட்ட ஃபேபருக்கு இஞ்ஞாசியார் செபத்தின் வழியைக் காட்டினார். சவேரியாரோ எளிதில் இசையவில்லை. படிப்பிலும் பதவியிலும் உயர வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இஞ்ஞாசியார் அவரை விவாதத்தால் மடக்கவில்லை. சவேரியார் ஆசிரியப் பணி தொடங்கியபோது அவருக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார், பணமுடையில் உதவினார், காத்திருந்தார். சவேரியாரின் மனம் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. ஆன்மீக நட்புக்கு அவசரம் கிடையாது என்பதை இது நமக்குச் சொல்கிறது.

1534 ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, ஏழு நண்பர்கள் பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் ஒரு சிற்றாலயத்தில் கூடினார்கள். அவ்வாண்டுதான் குருவாகியிருந்த ஃபேபர் திருப்பலி நிறைவேற்றினார். ஏழு பேரும் ஏழ்மையையும் கற்பையும் வாக்களித்து, எருசலேமுக்குப் போகவும், அது முடியாவிட்டால் திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போகவும் உறுதி எடுத்தார்கள். அவர்கள் மனமொத்து விரும்பிய எருசலேம் பயணம் நடக்கவில்லை. போர்ச் சூழலால் வெனிசு நகரில் அவர்களுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரே மனதோடு கேட்டது கிடைக்காமல் போனபோது அவர்கள் கலைந்துவிடவில்லை. உரோமைக்குத் திரும்பினார்கள். மூடிய கதவுக்கு அப்பால் வேறொரு வழி திறந்தது. அந்த வழியாகத்தான் நற்செய்தியின் தூதர்கள் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் போனார்கள்.

மூன்று மாதம் ஒரு கேள்வி

1539ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. திருத்தந்தை அவர்களைப் பல இடங்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். பிரிந்து போன பிறகும் ஒரே குழுமமாக நீடிப்பதா? அப்படியானால், தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படிய வாக்களிப்பதா? அவர்கள் வெவ்வேறு நாட்டவர்கள், வெவ்வேறு கருத்து உடையவர்கள். கருத்து வேறுபாடு இருந்தது என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் மேற்கொண்ட வழியை நம் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் தத்தம் பணிகளைச் செய்துவிட்டு இரவில் கூடினார்கள். முதல் கேள்விக்கு விடை விரைவில் கிடைத்தது: இவ்வளவு வேறுபட்ட தங்களைக் கடவுளே ஒன்றுசேர்த்திருக்க, அதைத் தாங்கள் பிரிக்கலாகாது என்று முடிவெடுத்தார்கள். இரண்டாவது கேள்வி பல நாள் இழுத்தது. அப்போது மூன்று காரியங்களில் உடன்பட்டார்கள். முதலாவது, ஒவ்வொருவரும் செபத்திலும் திருப்பலியிலும் அந்தக் கேள்வியை ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, ஒருவர் மற்றவரைத் தனியே சந்தித்துத் தம் பக்கம் இழுக்கக் கூடாது. மூன்றாவது, தாம் அந்தக் குழுமத்தைச் சாராத ஒருவர் என்று எண்ணிக்கொண்டு, சொந்த விருப்பு வெறுப்பின்றி எது நல்லது என்று பார்க்க வேண்டும்.

பிறகு, ஒரு நாள் முழுவதும் ஒவ்வொருவரும் எதிர்க் காரணங்களை மட்டும் சொன்னார்கள். மறுநாள் எல்லாரும் ஆதரவான காரணங்களை மட்டும் சொன்னார்கள். இதனால், ‘இது அவருடைய கட்சி, இது நம்முடைய கட்சி’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஒவ்வொருவரும் இரு பக்கத்தையும் பேசவேண்டியிருந்தது. இறுதியில் எவருடைய எதிர்ப்பும் இல்லாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். புனித திருமுழுக்கு யோவான் பிறந்த விழாவான ஜூன் 24 அளவில் எல்லாம் நிறைவுற்றது. மறு ஆண்டு செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தார்.

அண்மை ஆண்டுகளில் நடந்த உலக ஆயர்கள் மாமன்றத்தில், 2023 அக்டோபரில், கர்தினால்களும் ஆயர்களும் துறவியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் உட்கார்ந்து ‘ஆவியாரில் உரையாடல்’ என்ற முறையில் பேசியதை நாம் செய்திகளில் பார்த்தோம். முதலில் செபம், பிறகு ஒவ்வொருவரும் பேச மற்றவர்கள் செவிமடுத்தல், இடையிடையே அமைதி. பேச்சுக்கு முன் செபமும், வாதத்துக்கு முன் செவிமடுத்தலும் என்ற அந்தப் பழைய பாடத்தைத் திருஅவை இன்று மீண்டும் கற்கிறது.

கழுத்தில் சுமந்த பெயர்கள்

சவேரியார் 1540 மார்ச்சில் உரோமையை விட்டுப் புறப்பட்டார். புறப்படும் முன், தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கான தம் வாக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இஞ்ஞாசியார் பெயரையும், அவருக்குப் பின் ஃபேபர் பெயரையும் எழுதியிருந்தார். அந்த மூவரும் அதன் பிறகு ஒன்றாகச் சந்திக்கவே இல்லை. 1542 மே 6 அன்று கோவா வந்து சேர்ந்த சவேரியார், அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நம் மொழி அறிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்தார். கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டினார்.

நோயாளர்களுக்காகச் செபிக்க வரும்படி எல்லா வீடுகளிலிருந்தும் அழைப்பு வந்தது. அவர் ஒருவரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. அப்போது அவர் செபங்களைக் கற்ற சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, எல்லாரோடும் சேர்ந்து நம்பிக்கை அறிக்கையைச் சொன்னார்கள். இதை அவரே 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நம் கடற்கரையின் குடிசைகளில், ஒரு சிறுவனும் ஒரு நோயாளியும் நாலு அயலாரும் கூடிய அந்த இடங்களில் இன்றைய நற்செய்தி அப்படியே நிறைவேறியது. இன்று நாம் அன்பியம் என்று அழைப்பதற்கு நம் மண்ணில் இப்படியும் ஒரு முன்னோடி இருந்திருக்கிறது.

தூரத்தில் இருந்த நண்பர்களை அவர் மறக்கவில்லை. 1546இல் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து எழுதியபோது, நண்பர்கள் தமக்கு அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளைக் கத்தரித்து எடுத்து, தம் அர்ப்பண வாக்குறுதியோடு சேர்த்து எப்போதும் தம்மிடம் வைத்திருப்பதாகத் தெரிவித்தார். ஃபேபர் 1546 ஆகஸ்ட் 1 அன்று உரோமையில் இறந்தார். பின்னர் சவேரியார் கடலில் புயலில் சிக்கி மூன்று நாள் தவித்தபோது, இறந்த ஃபேபரின் ஆன்மாவைத் துணைக்கு அழைத்து மன்றாடியதாக எழுதுகிறார். புனிதர்களின் உறவை நம்புகிறோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நாம் அறிக்கையிடுகிறோம். பழைய அறைத்தோழரிடம் மன்றாடிய அந்தச் செபத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனாவின் கரையோரத் தீவில் இறந்தார். செய்தி உரோமைக்குப் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று. 1553 ஜூன் மாத இறுதியில் இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி கடிதம் எழுதினார். நண்பர் இறந்து ஏறத்தாழ ஏழு மாதம் ஆகியிருந்தது. இருவரையும் திருஅவை 1622 மார்ச் 12 அன்று ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தது. ஃபேபரை 2013 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். ஓர் அறையில் படித்த மூவரும் இன்று பலிபீடத்தில் ஒன்றாக இருக்கிறார்கள்.

புனிதர்களின் நட்பு எல்லாமே இப்படி நிறைவு பெற்றதாகவும் நாம் எண்ண வேண்டாம். முத்துக்குளித்துறையில் சவேரியாரோடு உழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் அடிக்கடி கடிதம் எழுதி, மக்களிடம் பொறுமையோடும் அன்போடும் நடந்துகொள்ளச் சொன்னார். பிற்காலத்தில் மன்சிலாஸ் அனுப்பப்பட்ட இடத்துக்குப் போக மறுத்ததால், இருவரும் பிரிய நேர்ந்தது. பவுலும் பர்னபாவும் கூட மாற்கை முன்னிட்டுக் கடுமையாகக் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்கள். ஆனால், பிற்காலத்தில் அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவர், அவரை அழைத்து வா என்று பவுல் எழுதும் நிலை வந்தது (2 திமொத்தேயு 4:11). உடைந்த நட்பின் கதை உடைந்த இடத்திலேயே முடிந்துவிட வேண்டியதில்லை.

நம் வீட்டில், நம் பங்கில்

அன்பார்ந்தவர்களே, இப்போது நம்மைப் பார்ப்போம். நம் பங்குகளில் சண்டை எதில் வருகிறது? திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாக வரும், கொடியேற்றத்தில் முதல் மரியாதை யாருக்கு, வரிக் கணக்கை யார் பார்ப்பது என்பதில் வருகிறது. வீட்டில் வரப்பு, பாகப்பிரிவினை, நகை, கல்யாணத்தில் அழைக்காமல் விட்டது என்று வருகிறது. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்கிற அண்ணன் தம்பிகள், ஆண்டுக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆலயத்தின் இரு வாசல்கள் வழியாக வெளியேறுகிறார்கள். திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரத்தில் யார் பக்கம் நாம் திரும்புவதில்லை என்பது நமக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

ஆகவே, இந்த வாரம் நாம் செய்யக்கூடிய சிலவற்றை நினைத்துப் பார்ப்போம்.

குற்றத்தைத் தனியே பேசுவோம். இயேசு சொல்லும் முதல் படி அதுதான். இன்று நாம் முதல் படியைத் தாண்டி, நேராக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறோம். நூறு பேர் படித்த பிறகு, அவர் திருந்தினாலும் தலைநிமிர முடியாது. ஒருவருடைய வீட்டுக்கு நடந்து போய், திண்ணையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசுவதற்குத் துணிவும் வேண்டும், அன்பும் வேண்டும்.

செபத் துணை ஒருவரைத் தேடிக்கொள்வோம். கணவனும் மனைவியும் இரவில் ஐந்து நிமிடம் சேர்ந்து செபிக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனும் ஊரில் இருக்கும் தாயும் ஒரே நேரத்தில், ஒரே கருத்துக்காக ஒரு பத்து மணி செபமாலை சொல்லலாம். பள்ளித் தோழிகள் இருவர், ஒருவருடைய குறையை மற்றவர் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லலாம். ‘உங்களுக்காக செபிக்கிறேன்’ என்பது நம் வாயில் எளிதாக வரும் சொல். யாருக்காக, எதற்காக என்று கேட்டறிந்து, நாள்தோறும் அதைச் செய்வதே நட்பு.

கூட்டங்களில் செபத்தை முகவுரையாக மட்டும் வைக்க வேண்டாம். கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருந்தால், அந்த முதல் தோழர்களைப் போல, எல்லாரும் ஒரு நாள் ஒரு பக்கத்தையும், மறுநாள் மறுபக்கத்தையும் பேசிப் பார்க்கலாம். கூட்டத்துக்கு முந்தைய இரவில் ஆள் திரட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். முடிவு சற்றுத் தாமதமாகும். ஆனால், அதன் பிறகு யாரும் முகம் திருப்பிக்கொண்டு போகமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய அன்பைத் தவிர வேறு கடன் நமக்கு இருக்கக் கூடாது என்று பவுல் இன்றைய இரண்டாம் வாசகத்தில் உரோமையருக்கு எழுதுகிறார். அந்தக் கடனை அடைக்க வேண்டிய ஒருவருடைய பெயர் இப்போது நம் மனதில் வந்திருக்கும். அந்தப் பெயரை அழித்துவிட வேண்டாம். சவேரியார் தம் நண்பர்களின் பெயர்களைச் சுமந்தது போல, இந்த வாரம் அதைச் சுமப்போம். முதலில் செபத்தில் சுமப்போம், பிறகு அவருடைய வாசல் வரை சுமந்து போவோம். அந்த வாசலில் நாம் இருவராக நிற்கும்போது, மூன்றாவதாக ஒருவர் அங்கே நிற்பார். அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மன்றாடுவோம்: எங்களை நண்பர்கள் என்று அழைத்த ஆண்டவரே, எங்கள் வீடுகளிலும் அன்பியங்களிலும் பங்கிலும் பிரிந்திருக்கும் மனங்களை ஒன்றுசேர்த்தருளும். ஒருவர் மற்றவரைத் தேடிப் போகும் துணிவையும், தேடி வருபவரை ஏற்றுக்கொள்ளும் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். கேட்டது கிடைக்காத நேரத்திலும் உம் உடனிருப்பில் நாங்கள் மனமொத்து நிற்க அருள்புரியும். ஆமென்.